கைராசி இல்லாதவர்களுக்கான செடிகள்

(குமாரலிங்கபுரத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

வீட்டுக்குள் செடி வளர்ப்பதைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். பெரிய தோட்டத்தைப் பற்றிப் பேசப்போவதில்லை. ஒரு ஜன்னல் ஓரம், ஒரு திண்ணை, ஒரு நிலைப்படி. அங்கே வைக்கிற ஒரே ஒரு செடியைப் பற்றித்தான் பேசப்போகிறேன். அதுவும் இதுவரை ஒரு செடிகூட வைத்திராதவர்கள் வைக்கக்கூடிய, மறந்தாலும் பொறுத்துக்கொள்கிற, லேசில் சாகாத செடிகளைப் பற்றி.

இதைப் போய் அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்து மானாவாரிச் சீமையில் பேசலாமா என்று சிலர் நினைக்கலாம். சித்திரை பிறந்தால் கண்மாய்க் கரம்பை வெடித்துக் கிடக்கிற ஊர் இது. குழாயில் தண்ணீர் வரும் நாளைக் கணக்கு வைத்துக் குடத்தை வரிசையில் வைக்கிற ஊர் இது. “குடிக்கிற தண்ணியையே கேன்ல காசு குடுத்து வாங்குறோம், இதுல செடிக்கு வேறயா?” என்று ஒரு தாய் கேட்டால், அந்தக் கேள்வி நூற்றுக்கு நூறு நியாயம். அந்த நியாயத்தை மதித்துத்தான் இங்கே பேச வந்தேன். காவிரி பாயும் ஊரில் குச்சியை ஊன்றினாலும் துளிர்க்கும்; அங்கே இந்தப் பேச்சுக்கு என்ன தேவை? தண்ணீர் இல்லாத சீமைக்குத்தான், தண்ணீர் கேட்காத பச்சை வேண்டும்.

இந்தப் பக்கம் எந்த வீட்டில் செடிப் பேச்சை எடுத்தாலும் ஒரு வார்த்தை வந்துவிடும். “நமக்குக் கைராசி இல்லைங்க. எதை வெச்சாலும் பட்டுப்போகுது.” சொல்கிறவர்கள் சிரித்துக்கொண்டேதான் சொல்வார்கள். ஆனால் அடியில் ஒரு வருத்தம் இருக்கும். நான் இன்று உறுதியாகச் சொல்கிறேன்: கைராசி என்று ஒன்று கிடையவே கிடையாது!

உங்கள் வீட்டில் பட்டுப்போனது எது? மினி வேனில் வந்து விற்றவரிடம் வாங்கிய ரோஜாத் தொட்டி. அது எங்கே வளர்ந்தது? ஓசூர், பெங்களூர்ப் பக்கத்துக் குளுமையில். அதைக் கொண்டுவந்து எங்கே வைத்தீர்கள்? மேற்கு வெயில் சுட்டெரிக்கிற சுவர் ஓரத்தில். எதை ஊற்றினீர்கள்? ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீரை. அது சாகாமல் என்ன செய்யும்? அந்தச் சாவில் உங்கள் கைக்கு என்ன பங்கு?

துளசிக்கும் இதே கதை. ஆசையாகத் துளசி மாடம் வைக்கிறோம். அது வாடிப்போனால் குடும்பத்துக்கே ஆகாது என்று மனம் பதறுகிறது. அம்மா, துளசி இயல்பாகவே சில வருஷம் மட்டும் வாழ்கிற செடி. பூங்கதிர் முற்றி விதை விட்டால் அது தளரத்தான் செய்யும். அதற்கு நல்ல வெயில் வேண்டும், அடிக்கடி தண்ணீரும் வேண்டும். பக்திக்குத் துளசி வையுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. முதன்முதலாகப் பழகுகிற கைக்கு அது ஏற்ற செடி இல்லை. அவ்வளவுதான்.

அப்படியானால் எது ஏற்றது? எங்கேயும் போய்த் தேட வேண்டாம். நம் வீட்டு நிலைப்படியை அண்ணாந்து பாருங்கள். கயிற்றில் தலைகீழாக ஒரு சோற்றுக்கற்றாழை தொங்குகிறதா, இல்லையா? மண் இல்லை. தண்ணீர் இல்லை. வேருக்குப் பிடிமானமும் இல்லை. ஆனாலும் மாதக்கணக்கில் பச்சையாக இருக்கிறது. திருஷ்டிக்குக் கட்டினார்கள் என்பது வீட்டு வழக்கம். அந்த வழக்கத்தோடு எனக்குச் சண்டை இல்லை. நான் பார்ப்பது அந்தச் செடியின் உரத்தை. எட்வர்ட் லேன் என்ற ஆங்கிலேயர் எகிப்து மக்களின் வாழ்க்கை பற்றி எழுதிய நூல் 1836-இல் வெளிவந்தது. கெய்ரோ நகர வீட்டு வாசல்களில் கற்றாழையைத் தொங்கவிடுவார்கள், அது மண்ணும் நீரும் இன்றிப் பல வருஷம் உயிரோடிருக்கும், பூக்கக்கூடச் செய்யும் என்று அதில் எழுதியிருக்கிறார். நைல் நதிக்கரைக்கும் நம் குண்டாற்றங்கரைக்கும் எத்தனை தூரம்! இரண்டு வறண்ட சீமை மக்களும் வாசலுக்கு ஒரே செடியைத் தேர்ந்தெடுத்தார்கள்.

எப்படி முடிகிறது அந்தச் செடியால்? இதற்கு விடை காண உதவிய ஒரு குறிப்பை எழுதியவர் நம் சென்னை ராஜதானியில் இருந்தவர் என்பது பலருக்குத் தெரியாது. இருநூறு வருஷங்களுக்கு முன்னால் கிழக்கிந்தியக் கம்பெனியின் தாவரவியலாளராக இங்கே வேலை பார்த்தவர் பெஞ்சமின் ஹெய்ன். அவர் ரணகள்ளி இலையை வாயில் போட்டு மென்று பார்த்தார். ஆமாம், நம் பிள்ளைகள் ‘கட்டிப்போட்டால் குட்டிபோடும்’ என்று சொல்லிப் புத்தகத்துக்குள் வைப்பார்களே, அதே ரணகள்ளிதான். விடியற்காலையில் மென்றால் நல்ல புளிப்பு. உச்சிப்பொழுதில் சுவையே இல்லை. சாயங்காலம் லேசான கசப்பு. ஒரே இலை, ஒரே நாள், மூன்று சுவை! இதை அவர் கடிதமாக எழுதி அனுப்ப, லண்டன் லின்னேயன் சங்கத்தின் வெளியீட்டில் 1815-இல் அது அச்சாயிற்று.

ஏன் அந்தப் புளிப்பு? சாதாரணச் செடிகள் பகலில்தான் இலைத்துளைகளைத் திறந்து காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை எடுக்கின்றன. துளை திறந்தால் உள்ளே இருக்கிற ஈரமும் வெளியே போகும். வெயிலில் திறந்தால் எவ்வளவு போகும் என்று நினைத்துப் பாருங்கள். ரணகள்ளி, கற்றாழை, பிரண்டை, மருள் இவையெல்லாம் வேறு ஏற்பாடு செய்துகொண்டன. கரிசல்காட்டுச் சம்சாரி வெயில் ஏறுமுன் காட்டு வேலையை முடித்துக்கொண்டு நிழலுக்கு வந்துவிடுவதைப் போல, இவை இரவின் குளிர்ச்சியில் துளையைத் திறந்து, வேண்டிய காற்றை அமிலமாக மாற்றி இலைக்குள் சேமித்துவிடுகின்றன. அந்த அமிலம்தான் ஹெய்ன் கண்ட விடியற்காலைப் புளிப்பு. பொழுது விடிந்ததும் துளையை மூடிக்கொண்டு, சேமித்ததை வைத்துப் பகலெல்லாம் உணவு தயாரிக்கின்றன. சாதாரணச் செடி 1 கிராம் கார்பன் டை ஆக்சைடை எடுப்பதற்குள் 400 முதல் 500 கிராம் தண்ணீரைக் காற்றுக்கு இழக்கிறது. இந்தச் செடிகள் இழப்பது 50 முதல் 100 கிராம்தான்.

இந்தக் கணக்கை நம் அப்பத்தாக்கள் படித்ததில்லை. ஆனால் செடி தெரிந்து வைத்திருந்தார்கள். வேலியில் பிரண்டையைப் படரவிட்டார்கள்; பசி வந்தால் துவையல், வயிறு மந்தித்தாலும் துவையல். வாசலில் ஓமவல்லி வைத்தார்கள். பிள்ளைக்குச் சளி பிடித்தால் நாலு இலை. கொல்லையில் மருள் வைத்தார்கள். இன்றைக்கு நகரத்து நர்சரிகளில் ‘ஸ்நேக் பிளான்ட்’ என்று விலை போட்டு விற்கிறார்களே, மஞ்சள் விளிம்பு போட்ட வாள் இலைச் செடி, அது மேற்கு ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது. அதன் நெருங்கிய சொந்தம்தான் நம் மண்ணிலேயே விளைகிற மருள். அதன் நாரில் அந்தக் காலத்தில் வில்லுக்கு நாண் திரித்தார்கள். ஊர்ப் புறம்போக்கில் கேட்பாரற்று நிற்கிற செடியின் உறவுக்காரனைத்தான் நாம் காசு கொடுத்து வாங்கி வரவேற்பறையில் வைக்கிறோம்!

நிலைப்படியில் தொங்குகிற இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஆகாசகருடன் கிழங்கு. பாகல், கோவை, பூசணிக் குடும்பத்தைச் சேர்ந்த கொடி அது. கிழங்குக்குள் நீரும் மாவும் சேர்த்து வைத்திருப்பதால், கயிற்றில் கட்டித் தொங்கவிட்டாலும் ஒருநாள் திடீரென்று கொடி விடுகிறது. வீட்டார் பரவசப்படுகிறார்கள். எனக்கு இதில் ஒரு வேண்டுகோள் உண்டு. அந்தக் கொடி காற்றைக் குடித்து வளரவில்லை. தன் கிழங்கையே தின்று வளர்கிறது. தொங்கத் தொங்க அது சுருங்கும், கடைசியில் சாகும். காட்டிலிருந்து தோண்டி வந்த உயிர் அது. கிழங்கு சுருங்கத் தொடங்கியதும் இறக்கி, ஒரு தொட்டியில் நட்டுவிடுங்கள். ஒன்று வாடினால் இன்னொன்று வாங்கிக் கட்டுவது என்று போனால், காட்டில் அதற்கு மிச்சம் இருக்காது.

சரி, மணி பிளான்ட்டுக்கு வருவோம். பாட்டிலில் தண்ணீர் ஊற்றி ஒரு துண்டைப் போட்டால் போதும், வளரும். அடுத்த வீட்டில் திருடி வந்து வைத்தால்தான் வளரும் என்று ஒரு நம்பிக்கை. திருட வேண்டாம் ஐயா, கேட்டு வாங்கினாலும் வளரும்! கணுவோடு வெட்டினதா என்பதுதான் முக்கியம். கணு இல்லாத வெறும் இலை வேர் விட்டாலும் விடும். கொடி மட்டும் விடவே விடாது. இதன் சொந்த ஊர் பசிபிக் கடலில் உள்ள மோரேயா தீவு. பூப்பதற்குத் தேவையான ஊக்கப்பொருளைத் தயாரிக்கிற மரபணு இதில் சரியாக வேலை செய்வதில்லை என்று 2016-இல் ஹாங்காங் ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். 1964-க்குப் பிறகு இது தானாகப் பூத்ததாகப் பதிவே இல்லையாம். பூ இல்லை, ஆகவே விதையும் இல்லை. அப்படியென்றால் உலகமெங்கும் பரவியது எப்படி? ஒருவர் வெட்டி இன்னொருவருக்குக் கொடுத்துக் கொடுத்துத்தான்! நம் ஊர் ஜன்னலில் தொங்குகிற ஒவ்வொரு கொடியும் யாரோ யாருக்கோ கொடுத்த துண்டின் தொடர்ச்சி.

இரண்டு எச்சரிக்கைகள். பாட்டில் தண்ணீரை வாரம் ஒருமுறை கண்டிப்பாகக் கொட்டி மாற்றுங்கள். டெங்கு கொசு முட்டையிடுவது நல்ல தண்ணீரில்தான். இன்னொன்று, மணி பிளான்ட் இலையும் மருள் இலையும் வாயில் போகக்கூடாதவை. தவழும் பிள்ளைக்கும் வீட்டு ஆட்டுக்கும் எட்டாத உயரத்தில் வையுங்கள்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். சாகாத செடி என்றேனே, அதையும் சாகடிக்க ஒரு வழி உண்டு. அது என்ன வழி? பாசம்! அளவுக்கு மீறின பாசம். காலையில் ஒரு செம்பு, மாலையில் ஒரு செம்பு. வீட்டுச் செடிகள் தாகத்தால் செத்ததை விடத் தண்ணீரால் செத்ததுதான் அதிகம் என்பேன். வேருக்கும் மூச்சு உண்டு. மண் துகள்களுக்கு இடையில் இருக்கிற காற்றைத்தான் வேர் சுவாசிக்கிறது. அந்த இடைவெளியெல்லாம் தண்ணீர் நிறைந்தால் வேர் மூச்சு முட்டி அழுகுகிறது. அழுகிய வேரால் தண்ணீரை உறிஞ்ச முடியாது, இலை வாடுகிறது. நாம் என்ன செய்கிறோம்? “ஐயோ, வாடிப்போச்சே” என்று இன்னும் இரண்டு செம்பு ஊற்றுகிறோம்!

அப்படியானால் எப்போது ஊற்றுவது? மண்ணுக்குள் இரண்டு அங்குலம் விரலை விட்டுப் பாருங்கள். ஈரம் தட்டினால் செம்பைத் தொடாதீர்கள். நன்றாகக் காய்ந்திருந்தால் தொட்டியின் அடித்துளை வழியே வடிகிற வரைக்கும் ஊற்றுங்கள். அதோடு விட்டுவிடுங்கள். வீட்டுக்குள் நிழலில் இருக்கிற மருளுக்குக் கோடையில் பத்துப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை போதும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் மாதம் ஒருமுறைகூட அதிகம். மாதத்துக்கு இரண்டு மூன்று செம்பு என்று வைத்துக்கொண்டாலும், ஒரு குடம் தண்ணீர் ஒரு மருளுக்கு நாலைந்து மாதம் வரும். செடிக்கு வேறயா என்று கேட்ட தாய்க்கு இதுதான் என் பதில்.

மண்ணைப் பற்றி நம் ஊர்க்காரர்களுக்கு மட்டும் ஒரு சொல். கரிசலை அப்படியே அள்ளித் தொட்டியில் போட்டுவிடாதீர்கள். பருத்திக்கும் கம்புக்கும் தாயான மண்தான். ஆனால் தொட்டிக்குள் வந்தால் நனைந்தபோது உப்பிக் களியாகிறது. காய்ந்தபோது சுருங்கித் தொட்டிச் சுவரை விட்டு விலகுகிறது. நீங்கள் ஊற்றுகிற தண்ணீர் அந்த இடுக்கு வழியே அடிக்கு ஓடிவிடும், நடுவில் இருக்கிற வேர் காய்ந்தே கிடக்கும். ஒரு பங்கு கரிசலுக்கு இரண்டு பங்கு செம்மண்ணும் மணலும், ஒரு கை மக்கிய தொழுவுரமும் கலந்துகொள்ளுங்கள். தொட்டிக்குக் காசு செலவழிக்க வேண்டாம். அடி ஓட்டையான பிளாஸ்டிக் குடம் எந்த வீட்டில் இல்லை? வாய்ப்பக்கத்தை அறுத்து எடுத்தால் அதுவே தொட்டி.

உப்புத் தண்ணீர் ஊற்றி ஊற்றி மண்ணுக்கு மேல் வெள்ளையாகப் பூத்திருந்தால், மழை பெய்கிற நாளில் தொட்டியை முற்றத்தில் வைத்து நன்றாக நனையவிடுங்கள், உப்பு கழுவிக்கொண்டு போய்விடும். அரிசி களைந்த தண்ணீரை எப்போதாவது ஊற்றலாம். சுத்திகரிப்புக் கருவி கழித்துவிடுகிற தண்ணீரை ஊற்றாதீர்கள். வந்த தண்ணீரை விட அதில் உப்பு அதிகம்.

இதெல்லாம் இருக்கட்டும், இதனால் மனுஷனுக்கு என்ன லாபம் என்று பின்வரிசையில் ஒருவர் நினைப்பது எனக்குத் தெரிகிறது. லாபம் என்றதும் கைபேசியில் வருகிற செய்திகள் என்ன சொல்கின்றன? “இந்தச் செடி இரவிலும் ஆக்ஸிஜன் தரும், வீட்டுக் காற்றைச் சுத்தமாக்கும்.” மெய்யைச் சொல்கிறேன். மருளும் கற்றாழையும் இரவில் கார்பன் டை ஆக்சைடை எடுப்பது உண்மை. ஆனால் ஆக்ஸிஜன் வெளிவர வெளிச்சம் வேண்டும். இருட்டில் எந்தச் செடியும் ஆக்ஸிஜன் தராது. காற்றைச் சுத்தமாக்கும் கதை 1989-இல் நாசாவுக்காக வுல்வர்ட்டன் என்பவர் செய்த ஆய்விலிருந்து கிளம்பியது. காற்றுப் புகாமல் அடைத்த சிறு பெட்டிக்குள் செய்த சோதனை அது. நாம் வாழ்கிற வீட்டில் கதவு உண்டு, ஜன்னல் உண்டு. இப்படிப்பட்ட பல ஆய்வுகளின் கணக்கைத் தொகுத்து அமெரிக்க ஆய்வாளர்கள் இருவர் 2019-இல் வெளியிட்டார்கள். ஜன்னலைத் திறந்து வைக்கிற பலனைச் செடியால் பெற வேண்டுமென்றால், ஒரு சதுர மீட்டர் தரைக்குப் பத்திலிருந்து ஆயிரம் செடி வரை வேண்டுமாம்! காற்றுக்கு ஜன்னலைத் திறங்கள். செடியைச் செடிக்காக வையுங்கள்.

பிறகு என்னதான் பலன்? இரண்டு ஆய்வுகளைச் சொல்கிறேன். அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தில் ஒரு மருத்துவமனை. பித்தப்பை அறுவைச் சிகிச்சை முடிந்த 46 பேரின் பதிவேட்டை எடுத்துப் பார்த்தார் ரோஜர் உல்ரிக். பாதிப் பேருக்கு ஜன்னல் வழியே மரங்கள் தெரிந்தன. மீதிப் பேருக்குச் செங்கல் சுவர். மரத்தைப் பார்த்தவர்கள் முன்னதாகவே வீடு திரும்பினார்கள். கடுமையான வலி மருந்தும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டது. 1984-இல் வெளியான ஆய்வு இது. வெறுமனே பார்த்ததற்கே அந்தப் பலன்.

அடுத்ததுதான் என் மனதை மிகவும் தொட்டது. 1976-இல் வெளியான ஆய்வு அது. கனெக்டிகட் மாநிலத்தில் ஒரு முதியோர் இல்லம். எலன் லேங்கர், ஜூடித் ரோடின் என்ற இரண்டு உளவியலாளர்கள் அங்கே ஒரு சோதனை செய்தார்கள். ஒரு தளத்து முதியவர்களிடம், “உங்கள் அறைச் சாமானை எப்படி வைப்பது, எந்த நாள் சினிமா பார்ப்பது என்று நீங்களே முடிவு செய்யுங்கள். இதோ செடிகள், பிடித்ததை எடுங்கள், நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்” என்றார்கள். இன்னொரு தளத்து முதியவர்களுக்கும் செடி கொடுத்தார்கள். “நீங்கள் சிரமப்பட வேண்டாம், நர்ஸ்கள் தண்ணீர் ஊற்றுவார்கள்” என்றார்கள். கவனியுங்கள்! இரண்டு தளத்திலும் செடி இருந்தது. மூன்று வாரத்தில் முதல் தளத்துக்காரர்கள் தெளிவும் மகிழ்ச்சியுமாக நடமாடினார்கள். பதினெட்டு மாதம் கழித்துப் பார்த்தபோதும் அவர்கள் நிலை மேலாகவே இருந்தது. முடிவெடுக்கிற உரிமையும் பார்த்துக்கொள்கிற பொறுப்பும் அவர்கள் கையில் இருந்தன, அதுதான் வித்தியாசம்.

நம் ஊரை நினைத்துப் பாருங்கள். மகன் திருப்பூரில், மகள் சென்னையில், இன்னொருவர் வளைகுடாவில். வீட்டில் ஒரு ஐயாவும் ஒரு அம்மாவும். “நீங்க சும்மா உக்காருங்கப்பா” என்று அன்போடுதான் சொல்கிறோம். நிலம் போய்விட்டது, மாடு போய்விட்டது, முடிவெடுக்கிற வேலையெல்லாம் ஒவ்வொன்றாகப் போய்விட்டது. காலையில் எழுந்து ‘இன்றைக்கு இதற்குத் தண்ணீர் வேண்டுமா, வேண்டாமா’ என்று தீர்மானிக்க ஒரு உயிர் அவர்கள் பக்கத்தில் இருக்கட்டும். முழங்கால் வலியால் ஒரு வாரம் எழ முடியாமல் போனாலும், அந்தச் செடி காத்திருக்கும். ரோஜா காத்திருக்காது, மல்லிகை காத்திருக்காது, மருள் காத்திருக்கும். உரமான செடிகளின் ஆறுதல் அதுதான். நம் தளர்ச்சியையும் மறதியையும் அவை குற்றமாக எடுத்துக்கொள்வதில்லை.

நேரமாகிவிட்டது, முடிக்கிறேன். மண்டப வாசலில் ஒரு சாக்கில் மருள் கிழங்கும், பிரண்டைத் துண்டும், ரணகள்ளி இலையும் வைத்திருக்கிறோம். விலை கிடையாது. போகும்போது ஆளுக்கு ஒன்று எடுத்துச் செல்லுங்கள். பிரண்டையை இரண்டு நாள் நிழலில் காயவிட்டு, ஒரு கணு மண்ணுக்குள் இருக்கும்படி ஊன்றுங்கள். ரணகள்ளி இலையை மண்ணின் மேல் கிடத்தினால் போதும். மருளை நட்ட முதல் வாரம் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட ஊற்றாதீர்கள். வீட்டில் வயசானவர் இருந்தால் செடியை அவர் கையில் கொடுங்கள்; தண்ணீர் ஊற்றுகிற முடிவையும் அவரிடமே விட்டுவிடுங்கள். அடுத்த ஐப்பசிக்குள் கன்று வெடித்தால், கைராசி இல்லை என்று சொல்லிக்கொண்டிருக்கிற பக்கத்து வீட்டுக்காரருக்கு ஒன்றைப் பிரித்துக் கொடுங்கள்.